போர்டில் யார் உட்காருகிறார் என்பதற்கும் கம்பெனி நிலைப்பதற்கும் என்ன சம்பந்தம்?

பட்டர்வொர்த்தில் மாமாவின் பிளாஸ்டிக் பாகத் தொழிற்சாலையைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இருக்கும் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். நிலைத்தன்மைக்கு (சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் எல்லாம் பார்த்து நீண்டகாலம் நிற்பதற்கு) உங்கள் இயக்குநர் வாரியத்தில், அதாவது போர்டில், யார் பொறுப்பு, சுயேச்சை இயக்குநர் (முதலாளியோடு சொந்தமோ வியாபாரமோ இல்லாதவர்) எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேள்வி. இவர்கள் வாரியத்தில் மாமா, அத்தை, மாமாவின் தம்பி என்று மூன்றே பேர். "அக்கா, போர்டை மாற்றினால் நிஜமாகவே கம்பெனிக்கு ஆயுள் கூடுமா, இல்லை இதெல்லாம் வெறும் காகித வேலையா?"

காகித வேலை இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விகளை ஆரம்பத்தில் யாரோ அடிபட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் கோலாலம்பூரில் கம்பெனி செக்ரெட்டரி, கம்பெனிகளின் சட்டப் பதிவுகளைப் பார்ப்பவள். இருபது வருடத்துக்கு மேலாக, பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி, குடும்பக் கம்பெனி என்று பல போர்டு கூட்டங்களில் மேசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எழுதி வருகிறேன். பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

2019-ல் ஷா ஆலாமில் ஒரு கம்பெனி. ஆலை மேலாளர் ஒரே பக்கத்தில் குறிப்பு அனுப்பியிருந்தார்: மழை கொஞ்சம் பலமாகப் பெய்தாலே பின்பக்கக் கால்வாய் நிரம்பிவிடுகிறது, மெயின் ஸ்விட்ச்போர்டும் ஜெனரேட்டரும் தரைத்தளத்தில் இருக்கின்றன, ஒரு மீட்டராவது உயர்த்திக் கட்ட வேண்டும். அந்த ஒரு பக்கக் குறிப்பு எச்ஆர், நிதி, நிர்வாக இயக்குநர் அலுவலகம் என்று கை மாறி, இருநூற்றுச் சொச்சம் பக்க போர்டு பேப்பரின் பின்னிணைப்பில் போய் உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒன்பதாவது பொருள். மணி பன்னிரண்டரை, வெளியே பிரியாணி வந்து இறங்கிவிட்டது, வாசனை அறைக்குள் வருகிறது. "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்றார் தலைவர். அந்தத் தலைவர்தான் நிர்வாக இயக்குநரும். சுயேச்சை இயக்குநர்கள் மூன்று பேரும் அவரோடு சனிக்கிழமை கோல்ஃப் ஆடுகிறவர்கள். "வாரியம் கவனத்தில் கொண்டது" என்று நான் எழுதினேன். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியபோது அந்த ஸ்விட்ச்போர்டு உச்சி மட்டும்தான் தெரியும் அளவுக்குச் சேற்றில் இருந்தது. ஆறு வாரம் ஆலை ஓடவில்லை. காப்புறுதிக்காரர் வந்து பழைய மினிட்ஸைக் கேட்டார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்துக்கு நானே கூச்சப்பட்ட நாள் அது.

நிலைத்தன்மை என்றவுடன் மரம் நடுவது, காகிதத்தை இரண்டு பக்கமும் அச்சடிப்பது என்று ஞாபகம் வருகிறது. கம்பெனியைச் சாய்க்கும் விஷயங்கள் அப்படி இருப்பதில்லை. கால்வாய், தொழிலாளர் ஹாஸ்டல், கழிவு எண்ணெய், வேலைக்கு வர வெளிநாட்டுத் தொழிலாளி கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய பணம்: எல்லாமே மெதுவாக வரும் கெட்ட செய்திகள். இந்தக் காலாண்டு லாபத்தில் தெரியாது, கீழே இருப்பவனுக்கு மட்டும் தெரியும். போர்டின் அமைப்பு தீர்மானிப்பது இதைத்தான்: அந்தச் செய்தி மேலே வர எத்தனை கை தாண்ட வேண்டும், வந்தபின் "இதை இன்றைக்கே பேசியாக வேண்டும்" என்று சொல்லும் ஆள் அந்த அறையில் இருக்கிறாரா. என் அனுபவத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கின்றன. நிலைத்தன்மைக் குழு வைத்திருக்கும் கம்பெனிகளும் சுயேச்சை இயக்குநர் அதிகம் உள்ள கம்பெனிகளும் நிறைய அறிக்கை வெளியிடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அறிக்கை கூடியதால் புகை குறைந்ததா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்.

நாற்காலிக் கணக்கு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே இரண்டு அடுக்கு: நடத்துகிற குழு தனி, மேற்பார்வைக் குழு தனி. 1976-ல் வந்த சட்டப்படி 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில் மேற்பார்வைக் குழுவில் பாதிப் பேர் தொழிலாளர் பக்கம். கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த அமைப்பை முழுசாக வைத்திருந்த ஃபோக்ஸ்வேகன்தான் 2015-ல் புகைச் சோதனையை ஏமாற்றிய டீசல் மோசடியில் மாட்டியது, உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். குழுவைப் பாருங்கள்: பெரும்பான்மை வாக்கு போர்ஷே, பியேக் குடும்பங்களிடம், 20 சதவீத வாக்கு லோயர் சாக்ஸனி மாநில அரசிடம், மற்ற பாதி ஆலை வேலையைக் காக்க வந்த தொழிலாளர் பிரதிநிதிகள். எல்லோருக்கும் வண்டி விற்க வேண்டும். புகை எவ்வளவு என்று கேட்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை.

குழு அமைத்தால் போதும் என்பவர்களுக்கு எண்ணெய்க் கம்பெனி பிபி. பாதுகாப்பு, நெறி, சுற்றுச்சூழல் என்று போர்டிலேயே தனிக் குழு இருந்தது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் தளம் வெடித்து 11 பேர் செத்தார்கள். பெரிய பெயர் வேண்டும் என்பவர்களுக்கு ஹைதராபாத் கணினிக் கம்பெனி சத்யம்: ஹார்வர்டு பேராசிரியர் வரை போர்டில் இருந்தார், 2008-ல் நல்ல ஆளுகைக்கு விருது, அதே வருடம் டிசம்பரில் தலைவருடைய மகன்களின் கம்பெனிகளை வாங்க அதே போர்டு ஒப்புதல் தந்தது, 2009 ஜனவரி 7-ல் தலைவர் கணக்கெல்லாம் பொய் என்று கடிதம் எழுதினார்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம், கையுறைக் கம்பெனி டாப் குளோவ். கொரோனா நேரத்தில் உலகமே கையுறைக்கு வரிசையில் நின்றது, லாபம் கொட்டியது. 2020 ஜூலையில் கட்டாய உழைப்புச் சந்தேகத்தில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை நிறுத்தியது. நவம்பரில் கிள்ளான் ஹாஸ்டல்களில் தொற்று வெடித்தது, 28 ஆலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு சொன்னது. 2021 ஜனவரி ஆண்டுக் கூட்டத்தில், பங்கு வைத்திருந்த அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பிளாக்ராக், தொழிலாளர் பாதுகாப்பை போர்டு சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்று ஆறு இயக்குநர்களின் மறுநியமனத்துக்கு எதிராக வாக்களித்தது. ஆறு பேரும் மீண்டும் தேர்வானார்கள், பெரிய பங்கு எந்தப் பக்கம் என்று தெரிந்ததுதானே. மார்ச்சில் அமெரிக்கத் தடை இறுகியது, செப்டம்பரில்தான் விலகியது. இடையில் ஏஜெண்டுகளுக்குத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தர கம்பெனி செலவழித்தது சுமார் 136 மில்லியன் ரிங்கிட்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. அந்த போர்டில் சுயேச்சை இயக்குநர்கள் இருந்தார்கள். கம்பெனியை ஆரம்பித்தவரே செயல் தலைவராகவும் இருந்தார். லாபம் கொட்டும் வருடத்தில், ஆரம்பித்தவர் தலைமையில் நடக்கும் கூட்டத்தில், "ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள்?" என்று கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்! எழுதி வைத்த விதி எதுவும் அந்தக் கேள்வியைத் தடுக்கவில்லை. தடுப்பது மரியாதை. நம் ஊரில் மரியாதைதான் பெரிய ஆபத்து, டத்தோ பட்டம் வாங்கியவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

அதனால்தான் நம் விதிகள் சிலவற்றை நான் மதிக்கிறேன். பங்குப் பத்திர ஆணையத்தின் ஆளுகை நெறிமுறை 2000-ல் முதலில் வந்தது, பல தடவை திருத்தி 2021-ல் புதுப்பித்தார்கள். தலைவரும் தலைமை நிர்வாகியும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும், தலைவர் ஆடிட் குழுவிலோ நியமனக் குழுவிலோ சம்பளக் குழுவிலோ உட்காரக் கூடாது, போர்டில் பாதியாவது சுயேச்சை, 30 சதவீதம் பெண்கள், நிலைத்தன்மைக்கு போர்டும் நிர்வாகமும் சேர்ந்து பொறுப்பு என்கிறது அது. இது கட்டாயச் சட்டம் இல்லை, கடைப்பிடிக்காவிட்டால் அதற்குப் பதில் என்ன செய்கிறோம் என்று விளக்க வேண்டும். விளக்கம் எழுதுவதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், நானே எவ்வளவோ எழுதியிருக்கிறேன்.

பங்குச் சந்தையான புர்சாவின் விதி வேறு, அது கடிக்கும். 2023 ஜூன் 1 முதல் ஒருவர் ஒரே குழுமத்தில் மொத்தம் 12 வருடத்துக்கு மேல் சுயேச்சை இயக்குநராக இருக்க முடியாது. அதே தேதியிலிருந்து பங்குச் சந்தையில் உள்ள எல்லா கம்பெனியிலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர். இந்த இரண்டில் பன்னிரண்டு வருட வரம்புதான் நான் கண்ணால் பார்த்த மாற்றம். பதினெட்டு, இருபது வருடம் உட்கார்ந்திருந்த மாமாக்கள் ஒரே வருடத்தில் விடை பெற்றார்கள். சுயேச்சை என்பது பங்கு இருக்கிறதா இல்லையா என்பதோடு முடிவதில்லை. இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவரிடம், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதியவரிடம் கடுமையான கேள்வி கேட்க வாய் வராது.

பெண் இயக்குநர் விதியைப் பற்றிக் கேலியாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில இடங்களில் முதலாளியின் மகளையே உட்கார வைத்தார்கள், உண்மைதான். ஆனால் நான் செக்ரெட்டரியாக இருந்த இன்னொரு கம்பெனிக்கு, பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா வந்தார். இரண்டாவது கூட்டத்திலேயே, "ஹாஸ்டல் எல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறதே, நான் போய்ப் பார்க்கலாமா?" என்றார். நிர்வாக இயக்குநர் சிரித்தார், சரி என்றார். அந்த அம்மா தேதி சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைவீட்டின் மேல்மாடி. கழிப்பறைக் கதவுகளை முதலில் எண்ணினார், நான்கு, அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது. பிறகு கட்டில்களை எண்ணினார், பிறகு செருப்புகளை. கட்டில் முப்பத்தாறு, செருப்பு அறுபதுக்கு மேல். "பகல் ஷிஃப்ட் எழுந்த கட்டிலில் இரவு ஷிஃப்ட் படுக்கிறார்கள், இல்லையா தம்பி?" என்று ஒரு நேப்பாளப் பையனிடம் மலாயில் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை, மெத்தையைத் தூக்கிக் காட்டினான், அடியில் இரண்டு பேருடைய போர்வை.

2020 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் குடியிருப்புத் தரச் சட்டப்படி இந்த மாதிரிப் பொது ஹாஸ்டலில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் படுக்கையிடம், 15 பேருக்கு ஒரு கழிப்பறை. மூன்று மாதத்தில் இன்னொரு கட்டிடம் எடுத்தார்கள், சும்மா எடுக்கவில்லை, அந்த அம்மா அடுத்த கூட்டத்தில் தன் குறிப்பை மினிட்ஸில் சேர்க்கச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் ஐரோப்பிய வாடிக்கையாளரின் தணிக்கை வந்தது. தப்பித்தோம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெண் என்பதால் கேட்டாரா? நர்ஸ் என்பதால் கேட்டார் என்பேன், அறைக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதால் கேட்டார் என்பேன். அந்த விதி இல்லாவிட்டால் அவரைத் தேடியே இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

சுயேச்சை இயக்குநர் வேலை சும்மா வந்து சாப்பிட்டுப் போகிற வேலை இல்லை என்பதற்கு சரக்கு விமானக் கம்பெனி டிரான்ஸ்மைல் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டுக்கான காலாண்டு அறிக்கையில் தவறான தகவல் தந்ததற்காக, ஆடிட் குழுவில் இருந்த இரண்டு முன்னாள் சுயேச்சை இயக்குநர்களுக்கு 2011-ல் செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு வருடச் சிறையும் ஆளுக்கு 3 லட்சம் ரிங்கிட் அபராதமும் விதித்தது. அன்றைக்கு என் வாடிக்கையாளர்கள் பலர் போன் போட்டு, "ஆடிட் கமிட்டியிலிருந்து என் பேரை எடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள்.

போர்டுக்கு மேலே இன்னொரு போர்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி-யைத் தாண்டி எங்கும் போக வேண்டாம். அந்தக் கம்பெனியின் சொந்த அமைப்பு விதி 117, முக்கிய முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும் என்றது, அவரே நிதியமைச்சர், அவரே ஆலோசனைக் குழுத் தலைவர். 2009-ல் 700 மில்லியன் அமெரிக்க டாலர் வேறு கணக்குக்குப் போனது தெரிந்ததும் போர்டின் முதல் தலைவர் அந்த அக்டோபரிலேயே விலகினார். ஒருவர் விலகியதால் பணம் திரும்பவில்லை. நாற்காலிக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் நல்ல மனிதர் செய்யக்கூடியது எழுந்து போவது மட்டும்தான்.

சம்பளத்தையும் ஒரு வார்த்தை. நிர்வாக இயக்குநரின் போனஸ் முழுக்க லாபத்தில் தொங்கினால், ஹாஸ்டலுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் அவர் பையிலிருந்து போவதாகத்தான் தோன்றும். விபத்து எண்ணிக்கையோ மின்சாரமோ ஒரு பங்காவது அதில் இருக்க வேண்டும்.

சரி, மாமா கம்பெனிக்கு வருவோம். அந்தப் படிவம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு 2024 செப்டம்பரில் வந்தது. முதன்மைச் சந்தையில் 2 பில்லியன் ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள கம்பெனிகள் 2025 கணக்கிலிருந்து சர்வதேசத் தரத்தில் அறிக்கை தர வேண்டும், அந்தச் சந்தையில் மற்றவை 2026, சிறிய கம்பெனிகளுக்கான ஏஸ் சந்தையும் 2 பில்லியன் வருமானமுள்ள பட்டியலில் இல்லாத பெரிய கம்பெனிகளும் 2027. பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளுக்கு இதோடு மின்னணுத் துறைக் கூட்டமைப்பான ஆர்பிஏ-வின் நெறிமுறையும் சேரும்: வாரம் 60 மணிக்கு மேல் வேலை கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, வேலைக்குச் சேர தொழிலாளி பணம் கட்டியிருக்கக் கூடாது. அவர்கள் தங்கள் பக்கத்தைச் சுத்தமாகக் காட்ட உங்கள் பக்கத்தைக் கேட்கிறார்கள். மாமாவுக்குப் பெரிய கம்பெனி விதிகள் எதுவும் பொருந்தாது. தனியார் கம்பெனிக்கு ஒரு இயக்குநரே போதும் என்கிறது 2016 கம்பெனிச் சட்டம்.

அதனால் நிலைத்தன்மைக் குழு எல்லாம் அமைக்காதீர்கள், மூன்று பேர் போர்டில் குழு என்றால் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவது போல. வெளியாள் ஒருவரைக் கொண்டுவாருங்கள். ஆடிட்டர் நண்பர் வேண்டாம், மாமாவின் பள்ளித் தோழர் வேண்டவே வேண்டாம். பினாங்கில் பன்னாட்டு ஆலைகளில் முப்பது வருடம் பாதுகாப்பு, தரம், கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தப் படிவத்தை மேசையின் மறுபக்கத்திலிருந்து நிரப்ப வைத்தவர்கள் அவர்கள்தான். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், ஆறு வருடத்தில் மாற்றிவிடுவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, செய்தி வரும் வழி. மாமாவின் தம்பிதான் ஆள் எடுக்கிறார், அவர்தான் ஏஜெண்டோடு பேசுகிறார், ஹாஸ்டலும் அவர் பொறுப்பு என்று முன்பு சொன்னீர்கள். அப்படியென்றால் ஹாஸ்டல் பற்றிய அறிக்கையை அவர் தரக் கூடாது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, தன் சமையலுக்குத் தானே உப்புப் பார்க்க முடியாது. ஹாஸ்டல் மேற்பார்வையாளரும் பாதுகாப்பு அதிகாரியும் நேராக வெளி இயக்குநரிடம் பத்து நிமிடம் பேசட்டும், அந்த நேரம் மாமாவும் அவர் தம்பியும் வெளியே கோப்பி குடிக்கட்டும். கூட்டத்தில் இதுதான் முதல் பொருள், விற்பனை இரண்டாவது. பிரியாணி வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடலாம்.

எண்களுக்கு, சிறு நிறுவனங்களுக்காகக் கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023-ல் வெளியிட்ட எளிய வழிகாட்டி இருக்கிறது, வெளியானபோது மொத்தம் 35 தகவல், மூன்று படி. அடிப்படைப் படியோடு ஆரம்பியுங்கள்: மின்சாரக் கட்டணம், டீசல், தண்ணீர், விபத்து, ஆள் எண்ணிக்கை. பாதி உங்கள் கணக்குக் கோப்பிலேயே இருக்கும்.

அப்புறம் உங்கள் அத்தை. பெண் இயக்குநர் எத்தனை என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சம்பளப் பட்டியல் போடுவது அவர்தான் என்றால் மாதம் 104 மணி ஓவர்டைம் வரம்பைத் தாண்டியவன் யார், எவன் நான்கு வாரமாக லீவே எடுக்கவில்லை என்பது அந்த வீட்டில் அவருக்குத்தான் முதலில் தெரியும். எத்தனை வருடமாகக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் கூட்டத்தில் அவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.

வெளி இயக்குநர் கிடைத்ததும் அவருடைய ஒப்புதல் கடிதத்தை முதலில் வாங்குங்கள், நியமித்த 14 நாளுக்குள் கம்பெனிப் பதிவகமான எஸ்எஸ்எம்-மில் பதிய வேண்டும். உங்கள் செக்ரெட்டரிக்கு அது தெரியும், ஆனாலும் நீங்கள் ஒரு தடவை போன் போட்டுக் கேளுங்கள், மாதக் கடைசியில் எங்களுக்கு வேலை தலைக்கு மேல்.